டெத் மெட்டல், பிளாக் மெட்டல், டூம்: பெயர் தெரிந்ததும் காது மாறுவது எப்படி?

நார்வேயின் டார்க்த்ரோன் இசைக்குழு 1991-இல் தன் முதல் ஆல்பமான 'சோல்சைட் ஜர்னி'யை வெளியிட்டது. அடித்தொண்டை உறுமலும் சிக்கலான ரிஃப்களும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள்) தடித்த கிட்டார் ஒலியும் கொண்ட டெத் மெட்டல் அது, அதாவது ஹெவி மெட்டல் இசையின் ஓர் உட்பிரிவு. அடுத்த ஆண்டே 'எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை' வந்தது. பாடியவர் அதே ஆள், டிரம்ஸ் வாசித்தவரும் அதே ஆள். சில பாடல்கள் முதலில் டெத் மெட்டலாக எழுதப்பட்டவைதான். ஆனால் பதிவைக் கேட்ட பீஸ்வில் என்ற பிரிட்டிஷ் இசை வெளியீட்டு நிறுவனம் திகைத்துப்போனது. கிட்டார் மெலிந்து கேட்கிறது, மறுபடி மிக்ஸ் செய்யலாம் என்றது. குழு மசியவில்லை. வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவோம் என்றதும் பீஸ்வில் இறங்கி வந்தது. இன்று நார்வே பிளாக் மெட்டலின் அடித்தளங்களில் ஒன்றாக அந்த ஆல்பம் மதிக்கப்படுகிறது.

பீஸ்வில்காரர்களுக்கு மெட்டல் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் டெத் மெட்டலை எதிர்பார்த்துக் கேட்டார்கள், அவ்வளவுதான். டெத் மெட்டலில் எது குறையோ அதுவே இந்தப் புதிய இசையின் உயிராக இருந்தது.

மெட்டல் ரசிகர்கள் உட்பிரிவுகளை வைத்து மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். ஒரு குழு டெத்-டூமா, வெறும் டூமா (டூம் என்றால் மிக மெதுவான, கனத்த மெட்டல்) என்று விடிய விடிய வாதம் நடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெட்டிப் பேச்சாகத் தெரியலாம். என் பார்வையில் அந்தச் சண்டைக்கு ஆழமான காரணம் இருக்கிறது. ஓர் ஒலிப் பரப்பில் எதைக் கவனிக்க வேண்டும், எவ்வளவு நேர அளவில் கவனிக்க வேண்டும் என்பதை உட்பிரிவுப் பெயர் காதுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

முதலில் ஒலியைப் பார்ப்போம். கிட்டாரின் தடித்த கம்பியை மீட்டினால் நொடிக்குச் சுமார் 82 அதிர்வுகள், அதாவது 82 ஹெர்ட்ஸ். அதோடு ஐந்தாம் சுரத்தையும் சேர்த்து வாசிப்பதுதான் பவர் கார்ட் (கார்ட் என்றால் ஒருசேர ஒலிக்கும் சுரங்கள்). அந்தச் சுரம் சுமார் 123 ஹெர்ட்ஸ். இந்த இரண்டும் சாதாரண ஸ்பீக்கரில் இரண்டு சுரங்களாகவே கேட்கும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்குள் போனால் கதை வேறு. பெடல் அலையின் உச்சியையும் அடியையும் வெட்டித் தட்டையாக்குகிறது. அப்படி வெட்டும்போது, இரண்டு அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாகப் பிறக்கின்றன. 123-இலிருந்து 82 போனால் 41. அது முதல் சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் சுரம். யாரும் வாசிக்காத ஒரு சுரம் தானாக வந்து அடியில் நிற்கிறது! இரண்டே விரலில் பிடிக்கும் ஒரு கார்ட் அவ்வளவு பிரம்மாண்டமாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிட்டிஷ் குழுவான பிளாக் சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, 17 வயதில், வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடது கைப் பழக்கக்காரர் என்பதால், கம்பியை அழுத்த வேண்டிய கை வலதுதான். 1971 ஆல்பத்தின் சில பாடல்களில் கம்பிகளை ஒன்றரைச் சுரம் தளர்த்தி வாசித்தார். விரலுக்கு வலி குறைந்தது, ஒலியும் இன்னும் கீழே இறங்கியது. டூம் மெட்டல் என்று பின்னாளில் பெயர் பெற்ற இசையின் ஊற்று அங்கேதான்.

டிஸ்டார்ஷனுக்குள் மூன்று நான்கு சுரங்கள் கொண்ட முழுக் கார்டை அனுப்பினால், கூட்டலும் கழித்தலும் ஒன்றோடொன்று பொருந்தாமல் குழம்பும். த்ராஷ் (வேகமான இன்னோர் உட்பிரிவு), டெத் மெட்டல் கலைஞர்கள் பெரும்பாலும் அந்தக் குழப்பத்தைத் தவிர்த்தார்கள். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி ஒவ்வொரு மீட்டலும் தனியாகத் தெறிக்கும்படி வாசித்தார்கள். பிளாக் மெட்டல் வாசித்த நார்வேக்காரர்கள் கையை எடுத்துவிட்டார்கள். கம்பிகளை முழுதாக ஒலிக்கவிட்டு, அடி ஒலியைக் குறைத்து, மேல் ஒலியை ஏற்றி, அந்தக் குழப்பத்தையே பனிமூட்டம் போலப் பரவவிட்டார்கள்.

வேகமும் அப்படித்தான். நிமிடத்துக்கு 180 துடிப்பு, ஒவ்வொரு துடிப்பிலும் நான்கு மீட்டல் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 12 மீட்டல். இந்த வேகத்தில் காது ஒவ்வொன்றாக எண்ணுவதைக் கைவிட்டுவிடும். நொடிக்கு 20-ஐ நெருங்கும்போது தனித்தனி அடிகள் ஒன்றாகக் கலந்து ஒரே ஒலியாக மாறத் தொடங்கும். பிளாக் மெட்டலின் இடைவிடாத மீட்டலும் பிளாஸ்ட் பீட் என்ற டிரம்ஸ் அடியும் இந்த எல்லைக்குப் பக்கத்தில் இயங்குகின்றன. கிட்டார் மீட்டல் அவ்வளவு வேகமாக இருந்தாலும், கார்ட் பல சமயம் நிதானமாக, சில நொடிகளுக்கு ஒருமுறைதான் மாறும். புதிதாகக் கேட்பவர் டிரம்ஸைத் துரத்திக் களைத்துப்போவார். விஷயம் தெரிந்தவர் அதை விட்டுவிட்டு, மெதுவாக நகரும் கார்டைப் பிடித்துக்கொள்வார். அவருக்கு அது ஏறக்குறைய சாந்தமான இசை.

டூம் மெட்டல் மறுகோடி. இரண்டு அடிகளுக்கு நடுவே ஏறத்தாழ 2 நொடி இடைவெளி வந்துவிட்டால், மூளை அவற்றை ஒரே தாளமாகக் கோக்கத் திணறுகிறது. 1990-களில் பின்லாந்தின் தெர்கோத்தான் போன்ற குழுக்கள் வளர்த்த ஃப்யூனரல் டூம் அந்த எல்லையில்தான் நடக்கிறது. அங்கே தாளத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். ஒரு கார்ட் விழுந்தபின் அது தேய்ந்து மறைவதைக் கேட்க வேண்டும்.

சரி, இதற்கெல்லாம் பெயர் எதற்கு? கேட்டுக் கேட்டே பழகிவிடலாமே? பழகலாம், ஆனால் மெதுவாக. உளவியல் ஆய்வாளர் கேரி லூப்யனும் உடன் பணியாற்றியவர்களும் 2007-இல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். வேற்றுக்கிரகவாசிகளின் படங்களைக் காட்டி, எதை நெருங்கலாம், எதை விட்டு விலக வேண்டும் என்று பங்கேற்றவர்களைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். சரியா தவறா என்பது எல்லோருக்கும் சொல்லப்பட்டது. ஒரு சாராருக்கு மட்டும் அந்த இரு வகைகளுக்கும் அர்த்தமில்லாத இரண்டு பெயர்கள் தரப்பட்டன. பெயரால் கூடுதல் தகவல் எதுவும் கிடைக்கவில்லை. இருந்தும் பெயர் கேட்டவர்கள் வேகமாகக் கற்றார்கள். நுட்பமான வேறுபாடுகளை ஒன்றுதிரட்டி நினைவில் நிறுத்த, பெயர் ஒரு பிடிமானமாகிறது.

இன்னொரு ஆய்வு 1991-இல் உளவியலாளர்கள் ஜேம்ஸ் டனாகாவும் மார்ஜரி டெய்லரும் வெளியிட்டது. படத்தைப் பார்த்ததும் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றுவது 'பறவை' அல்லது 'நாய்'. எந்த இனம் என்பது அப்புறம்தான். பறவைகளிலோ நாய்களிலோ தேர்ந்தவர்களுக்கு, அவரவர் துறையில், இனத்தின் பெயரும் அதே வேகத்தில் வந்தது. மெட்டல் ரசிகருக்கு நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். அவர் 'மெட்டல்' என்று கேட்டுவிட்டுப் பிறகு வகை பிரிப்பதில்லை. எடுத்த எடுப்பிலேயே ஸ்டாக்ஹோம் டெத் மெட்டல் என்று அவர் காதில் விழுகிறது. பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 பெடலில் எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருகிவைத்து ஸ்டாக்ஹோமின் என்டூம்ட் குழு 1990-இல் வெளியிட்ட அந்த மரமறுக்கும் இயந்திர ஒலி, பழகிய காதுக்கு ஒரு கார்டிலேயே பிடிபடும்.

இந்தப் பெயர்கள் ஒழுங்காகத் திட்டமிட்டு வைக்கப்பட்டவை அல்ல. பிரிட்டனின் வெனம் 1982-இல் தன் ஆல்பத்துக்கு 'பிளாக் மெட்டல்' என்று பெயரிட்டது. அதன் இசைக்கும் பத்தாண்டு கழித்து நார்வேயில் உருவானதற்கும் தூரம் அதிகம். ஸ்வீடனின் கேண்டில்மாஸ் 1986 ஆல்பத் தலைப்பிலேயே டூமையும் மெட்டலையும் பொருத்தியது. அந்தக் காலத்தில் ரசிகர்கள் கேசட்டுகளைத் தபாலில் பரிமாறிக்கொண்டார்கள். மற்றவர் இன்னும் கேட்டிராத இசையைக் கடிதத்தில் விவரிக்க வேண்டும், அதைப் படித்துவிட்டு அவர் பதிலுக்குத் தன் காசில் கேசட் பதிந்து அனுப்ப வேண்டும். பெயர் தவறினால் காசும் வாரக்கணக்கான காத்திருப்பும் வீண். பெயர்களில் கறாராக இருக்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

எல்லாப் பெயர்களும் ஒரே அளவு பயன் தருவதில்லை. நான்கைந்து அடைமொழிகளைக் கோத்து ஒரே ஒரு குழுவுக்கு மட்டும் பொருந்தும்படி பெயர் வைத்தால், அது அடுத்த குழுவைப் பற்றி எதையும் முன்கூட்டிச் சொல்லாது. தவிர, சில பெயர்கள் ஒலியைச் சொல்வதில்லை, வேறொன்றைச் சொல்கின்றன. சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா குழு, தமிழர்கள் பங்கேற்று உருவாக்கியது. தங்கள் இசையை அவர்கள் 'வேதிக் மெட்டல்' என்கிறார்கள். சமஸ்கிருத மந்திரங்களும் வேதாந்தச் சிந்தனையும் வரிகளில் வரும் என்பதை அந்தப் பெயர் நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. டிரம்ஸ் எப்படி இருக்கும், குரல் உறுமுமா என்பதை அறிய டெத் மெட்டல் என்ற இரண்டாவது பெயரும் வேண்டியிருக்கிறது. முதல் பெயரை மட்டும் நம்பி பஜனை எதிர்பார்த்துப் போகிறவரை, முதல் பாடலின் உறுமலே திருப்பி அனுப்பிவிடும். இரண்டையும் தெரிந்துகொண்டு போகிறவருக்கு, அந்த உறுமலுக்குள் சுலோகத்தின் சந்தம் அப்படியே நிற்பது கேட்கும்.