'நாட் கான்ஃபிகர்ட்' என்றால் பழுது இல்லை

ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் போட்ட கணினி பூட் ஆகும்போது திரையில் ஓடும் வரிகளில் சில 'நாட் கான்ஃபிகர்ட்' என்று முடியும். ஏதோ பாகம் கெட்டுவிட்டது என்றுதான் பலரும் பதறுவார்கள். உண்மையில் அந்தப் பாகம், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் கண்ணில் பட்டு, தன் அடையாளத்தையும் சொல்லிவிட்டது. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் இல்லை.

கணினிக்குள் சாதனங்களை இணைக்கும் தடத்துக்குப் பிசிஐ பஸ் என்று பெயர். ஒரு பிசிஐ பஸ்ஸில் 32 சாதனங்கள் வரை இருக்கலாம், ஒவ்வொன்றுக்குள்ளும் 8 ஃபங்ஷன்கள், அதாவது தனித்தனி உட்பிரிவுகள் வரை. கெர்னல் இடம் இடமாகப் போய் அடையாள எண்ணைப் படிக்கும். காலி இடத்தில் எல்லா பிட்டும் 1 ஆகவே வரும். சாதனம் இருந்தால் 16 பிட்டில் தயாரிப்பாளர் எண், இன்னொரு 16 பிட்டில் மாடல் எண். பதினாறடிமானத்தில் இன்டெலுக்கு 8086, ஏஎம்டிக்கு 1022. அப்புறம் கெர்னல் தன்னிடமுள்ள டிரைவர்களிடம் 'இது உன்னுடையதா?' என்று கேட்கும். நன்றாகப் பொருந்தும் டிரைவர் எடுத்துக்கொள்ளும். எதுவும் முன்வராவிட்டால்தான் அந்த வரி வரும்.

சாதனத்தின் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதே, டிரைவர் எப்படி இல்லாமல் போகும்? பெயர் வருவது வேறொரு பட்டியலிலிருந்து. பட்டியலில் பெயர் இருக்கும், டிரைவரை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். இதன் மறுபக்கமும் உண்டு: என்விஎம்இ டிஸ்க் (ஒருவகை வேகமான எஸ்எஸ்டி) போன்றவற்றை, அவை எந்த வகைச் சாதனம் என்று சொல்லும் வகை எண்ணை வைத்தே டிரைவர் பிடித்துக்கொள்ளும் என்பதால், பெயர் தெரியாவிட்டாலும் அவை ஓடும்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது சாதனத்தின் வகையைத்தான். இன்டெல் சிப்செட் உள்ள பல லேப்டாப்களில் 'பிசிஐ0 டெவ் 20 ஃபங்ஷன் 2' என்ற இடத்தில் 'ஷேர்டு எஸ்ரேம்' என்பது 'நாட் கான்ஃபிகர்ட்' என்று நிற்கும். அது சிப்செட்டின் உள்வேலைக்கான நினைவகம். டிரைவர் இல்லாததால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை. அதே வரி நெட்வொர்க் வகையில், அதாவது 02 வகையில் வந்தால் கதையே வேறு. வைஃபை வேலை செய்யாததற்குக் காரணம் அங்கேயே இருக்கிறது.

ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கிடைக்கவில்லை என்று வரும் செய்தியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே டிரைவர் சாதனத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது, கோப்பு ஒன்றை நிறுவினால் போதும். இங்கே அப்படி முடியாது. தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் சேர்த்துத் தேடி, ஓபன்பிஎஸ்டியின் புதிய வெளியீட்டில் ஆதரவு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.