'பொதுச் சட்டத் துணைவர்' என்பவர் யார்?

கனடா குடிவரவு பற்றிய ஒரு தமிழ்க் குறிப்பில் 'பொதுச் சட்டத் துணைவர்' மறுபடியும் கண்ணில் பட்டார். 'காமன் லா பார்ட்னர்' என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்திருக்கிறார்கள். எத்தனாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். படிப்பவர் என்ன நினைப்பார்? பொதுச் சட்டம் என்று ஏதோ ஒன்று இருக்கிறது, அதன்படி பதிவு செய்துகொண்டவர் என்றுதானே? எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் நினைத்தார். இரண்டு வருடமாக ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர், "நாங்கள்தான் எந்தச் சட்டத்திலும் பதியவில்லையே" என்று படிவத்தில் 'தனியாள்' என்று குறிக்கப் போனார். கனடாவில் தவறான தகவல் கொடுத்தால் 5 ஆண்டுத் தடை வரலாம். மறைக்கப்பட்ட துணைக்குப் பிற்பாடு ஸ்பான்சர் செய்வதும் சிக்கலாகும்.

சொல்லின் கதை சுருக்கமாக. காமன் லா என்றால் சட்டமன்றம் இயற்றாமல், நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே வளர்ந்த சட்டம். சடங்கும் பதிவும் இல்லாமல் கணவன் மனைவியாக ஒப்பி வாழ்வதையே திருமணமாக ஏற்கும் வழக்கம் அமெரிக்காவின் சில மாநிலங்களில் உண்டு, அதற்குப் பெயர் காமன் லா திருமணம். கனடாவில் காமன் லா பார்ட்னர் என்பது திருமணமே அல்ல. இல்லறம் போன்ற உறவில் குறைந்தது ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தவர், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால் அவரை வரையறுப்பதே எழுதி வைத்த குடிவரவு விதி. ஆங்கிலத்திலேயே பொருளிழந்து வெறும் பெயராக நிற்கும் 'காமன் லா'வை நாம் ஏன் எழுத்துக்கு எழுத்து இழுத்து வரவேண்டும்? அதே விதியின் பிரெஞ்சு வடிவம் 'கொன்ஜுவான் து ஃபே' என்கிறது. உண்மையில், நடைமுறையில் துணையாக இருப்பவர் என்று பொருள். அந்தப் பிரெஞ்சு வடிவத்தை ஒருமுறை பார்த்திருந்தால் போதும், மொழிபெயர்ப்பாளருக்குப் பாதி வேலை முடிந்திருக்கும்! 'பொது' என்ற சொல்லைத் துணைவிக்கு முன்னால் ஒட்டும்போதாவது 'பொதுமகளிர்' நினைவுக்கு வந்திருக்க வேண்டாமா?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் நேரே தொல்காப்பியத்துக்குப் போய் 'களவுத் துணை' என்பார்கள். எனக்கும் தொல்காப்பியம் பிடிக்கும். ஆனால் அங்கே களவு என்றால் ஊருக்குத் தெரியாத காதல். விசா அதிகாரி கேட்பதோ கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரிக்கு வந்த ரசீதுகள். ஆஸ்திரேலியாவில் இந்த உறவை அறிந்தவர்கள் 888ஆம் எண் படிவத்தில் எழுதித் தரவேண்டும். சங்கத் தலைவி அஞ்சிய அலரை, அதாவது ஊர்ப்பேச்சை, இங்கே கையெழுத்தோடு கேட்கிறார்கள்.

என் தேர்வு 'உடன்வாழ் துணை'. 'உடனுறை துணை' இன்னும் அழகுதான், ஆனால் உடம்பாடு இல்லாதவர் வாழ்க்கையைக் குடங்கருள் (குடிசைக்குள்) பாம்போடு உடனுறைவது என்று வள்ளுவர் சொல்லிவிட்டார், அப்புறம் எப்படி வைப்பது?

இதையும் கண்ட இடமெல்லாம் ஒட்டிவிடக் கூடாது. மணமாகாமல் இணைந்து வாழ்பவரை ஆஸ்திரேலியா 'டி ஃபாக்டோ' துணை என்கிறது, அதற்கு 'நடைமுறைத் துணை' நேராகப் பொருந்தும். பொதுவாக 12 மாத உறவு வேண்டும், உறவைப் பதிந்துகொள்ள வழியுள்ள மாநிலத்தில் பதிந்தால் அந்த 12 மாதக் கணக்கு பார்ப்பதில்லை. பிரிட்டனில் 'அன்மேரிட் பார்ட்னர்' என்பவர் முன்பு 2 ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்; 2024 ஜனவரி 31 முதல் திருமணத்துக்கு ஒப்பான உறவு 2 ஆண்டு இருந்தால் போதும், ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே அங்கே 'உடன்வாழ்' பொய்யாகிவிடும், 'மணமாகாத் துணை' என்பதே சரி. கனடாவிலேயே கான்ஜுகல் பார்ட்னர் என்று இன்னொரு வகை இருக்கிறது: விசா தடையாலோ வேறு காரணத்தாலோ மணக்கவும் சேர்ந்து வாழவும் முடியாத, கனடாவுக்கு வெளியே இருக்கும் துணை. இவரையும் சிலர் 'பொதுச் சட்ட'க் கூடைக்குள் போட்டுவிடுகிறார்கள். 'மணநிகர் துணை' எனலாம்.

அமெரிக்கக் குடிமகனின் மணமாகாத துணைக்கு இந்தப் பெயர்கள் எதுவும் உதவாது. அங்கே வழி கே-1 விசா, போய் இறங்கிய 90 நாளுக்குள் கல்யாணம் செய்யவேண்டும். அதை 'நிச்சயிக்கப்பட்டவர் விசா' என்று எழுதுகிறார்கள், உடனே தாம்பூலம் மாற்றிய போட்டோ வேண்டுமோ என்று ஆள் பதறுகிறார். நிச்சயதார்த்தம் தேவையில்லை. மணக்கும் எண்ணம் உண்மையாக இருக்கவேண்டும், கடந்த 2 ஆண்டுக்குள் நேரில் சந்தித்திருக்கவேண்டும். 'மணக்கவிருப்பவர்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?