காஸால்ஜியா – எரிவலி

காயம் ஆறிவிட்டது, தையல் பிரித்தாகிவிட்டது, மேலே தழும்பு மட்டும்தான். ஆனாலும் கை எரிகிறது, போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை என்று ஒருவர் சொன்னால் வீட்டில் நம்புவது கஷ்டம். “எல்லாம் மனப்பிரமை” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த எரிச்சலுக்கு மருத்துவத்தில் 150 ஆண்டுகளுக்கு மேலாகவே ஒரு பெயர் உண்டு: காஸால்ஜியா.

கைக்கோ காலுக்கோ போகிற பெரிய நரம்பு ஒன்று அடிபட்ட பிறகு, ஓயாமல் எரிகிற வலி வரலாம். அதைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. அடிபட்டது மேற்கையாக இருக்கும். எரிவது உள்ளங்கையாக இருக்கும். தொடையில் பட்ட காயத்துக்குப் பாதம் எரியும். அடிபட்ட அன்றே தொடங்கலாம், நாட்கள் கழித்தும் தொடங்கலாம். லேசாகத் தொட்டாலே வலிப்பது இதன் முக்கிய அடையாளம்.

சொல் கிரேக்கம். ‘காவ்ஸோஸ்’ என்றால் எரிவு, கொதிக்கும் காய்ச்சல். நாம் கடையில் வாங்கும் காஸ்டிக் சோடாவில் உள்ள ‘காஸ்டிக்’கும் இதே குடும்பம்தான். ‘அல்கோஸ்’ என்றால் வலி. நரம்பு வழியே வரும் வலியைக் குறிக்கும் நியூரால்ஜியாவில் இருப்பதும் அதுவே. (நாஸ்டால்ஜியாவிலும் இந்த ‘அல்கோஸ்’ இருக்கிறது. ஊர் திரும்ப ஏங்கும் வலியை ஒரு நோயாகக் கருதி 17ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய சொல் அது.)

சொல் கிரேக்கமானாலும் அது பிறந்த இடம் அமெரிக்கா. அங்கே உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், நரம்பில் குண்டடி பட்ட வீரர்களைப் பிலடெல்பியாவின் டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர்களைக் கவனித்தவர் சைலஸ் வியர் மிச்செல். மோர்ஹவுஸ், கீன் என்ற இரு மருத்துவர்களுடன் சேர்ந்து 1864இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த வலியின் விவரம் இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய அரத்தால் தோலை அராவுவதுபோல இருக்கிறது என்று வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள். எரிகிற கையை ஈரத்துணியால் சுற்றியே வைத்திருந்தார்கள். காலில் எரிச்சல் உள்ளவர்கள் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தார்கள். செய்தித்தாள் சலசலத்தாலும், ராணுவ பேண்ட் வாசிக்கும் அதிர்விலும் வலி கூடியது. இவர்களை நடிப்பவர்கள் என்று ஒதுக்காமல், சொன்னதை அப்படியே கேட்டு எழுதிவைத்தார் மிச்செல். எனக்கு அந்த நூலில் பெரிதாகப் படுவது இதுதான்.

1864இல் விவரம்தான் இருந்தது, பெயர் இல்லை. மருத்துவ அகராதி தொகுத்தவரான ராப்லி டங்லிசன் சொல்லித்தர, 1867இல் மிச்செல் காஸால்ஜியா என்ற பெயரைப் பயன்படுத்தினார்.

இனி தமிழுக்கு வருவோம். ‘நரம்புவலி’ என்று போட்டால் போதாதா? போதாது. நரம்பு என்று நாம் சொல்வது பல பொருளைத் தாங்குகிற சொல். “நரம்புல ஊசி போட்டாங்க” என்றால் அது ரத்தக் குழாய். “நரம்பு பிசகிடுச்சு” என்றால் தசையோ தசைநாரோ. யாழின் தந்தியும் நரம்புதான். கிரேக்கத்தின் ‘நியூரான்’கூட முதலில் தசைநாரையும் வில்லின் நாணையும்தான் குறித்தது. அதனால் நரம்புவலி என்ற பெயரை நியூரால்ஜியாவுக்கே விட்டுவிடலாம்.

‘எரிச்சல்’ என்று மட்டும் போட்டால்? கோபமும் எரிச்சல், வயிற்றுப்புண்ணும் எரிச்சல், சிறுநீர் போகும்போதும் எரிச்சல். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. நம் பேச்சில் வலி வேறு, எரிச்சல் வேறு. மருத்துவர் “வலி இருக்கா?” என்று கேட்டால், “வலியெல்லாம் இல்ல டாக்டர், காந்துது, எரியுது, அவ்வளவுதான்” என்று பதில் வரும். ‘வலி இல்லை’ என்று சீட்டில் பதிவாகிவிடும். நரம்பு அடிபட்டிருக்கிறது என்பதற்கான முக்கியமான துப்பு அந்தக் காந்தலில்தான் இருந்தது.

இதனால்தான் எரிவலி என்ற சொல்லே சரி என்பேன். எரிச்சலும் வலியும் ஒரே சொல்லில் சேர்ந்துவிடுகின்றன. சுடுநீர், ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: எரிந்த வலி, எரிகின்ற வலி, எரியும் வலி என மூன்று காலத்துக்கும் விரியும். நேற்றும் எரிந்து இன்றும் எரிகிற நோய்க்கு இது அப்படியே பொருந்துகிறது. எழுதவும் சொல்லவும் எளிது. விளக்கம் இல்லாமலே பாதி புரிந்துவிடும்.

காஸால்ஜியா என்ற பெயர் இன்று மருத்துவச் சீட்டில் அரிது. உலக அளவில் வலியை ஆராயும் சங்கம் 1994இல் இதை ‘காம்ப்ளக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்’ என்ற பெரிய தலைப்புக்குள் கொண்டுவந்தது, சுருக்கமாக சிஆர்பிஎஸ். நரம்பு அடிபட்டது தெளிவாகத் தெரிந்தால் இரண்டாம் வகை, அதாவது நம் எரிவலி. மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்ட பிறகு, நரம்புக் காயம் எதுவும் தெரியாமலே கை வீங்கி, நிறம் மாறி, வியர்த்து, எரிந்தால் முதல் வகை. ‘ரீஜனல்’ என்பதைச் சிலர் ‘பிராந்திய’ என்று மொழிபெயர்க்கிறார்கள்; படித்தால் வானிலை அறிக்கை போல இருக்கிறது. ‘பகுதிசார் வலிக் கூட்டறிகுறி’ எனலாம்.

குண்டடி பட்டால்தான் எரிவலி வரும் என்றில்லை. பிட்டத்தில் இடம் தவறிப் போட்ட ஊசி, முழங்கை மடிப்பில் ரத்தம் எடுக்கும்போது நரம்பில் பட்ட ஊசி, அறுவை சிகிச்சையில் நசுங்கிய நரம்பு என்று சிகிச்சையும் காரணமாகலாம். அடிபட்ட நரம்பு யாரும் தொடாமலே சைகை அனுப்பிக்கொண்டிருக்கும். கேட்டுக் கேட்டுத் தண்டுவடமும் கூருணர்ச்சி அடைந்துவிடும். அப்புறம் சட்டை உரசுவதும் வலியாகவே மூளைக்குப் போய்ச்சேரும். சர்க்கரை நோயில் இரண்டு பாதங்களும் எரிவது இதிலிருந்து வேறு. அதுவும் நரம்பு சார்ந்த வலிதான், ஆனால் காஸால்ஜியா அல்ல.

வழக்கமான வலி மாத்திரை இதில் பெரும்பாலும் எடுபடாது. கேபாபென்டின், பிரகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற, நரம்பில் வேலை செய்கிற மருந்துகளை எழுதுவார்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் தருகிற மருந்து. மருந்துக்கடையில் அதைக் கேள்விப்பட்டு “அப்போ எனக்கு மனநோயா?” என்று பயந்து நிறுத்தக் கூடாது, இந்த வலிக்கு அது நரம்பு மருந்து. வலிக்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும், அதனால் பிசியோதெரபி சீக்கிரம் தொடங்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள்: எரிகிறதா, மரத்துப் போகிறதா, ஷாக் அடிப்பதுபோல வருகிறதா, துணி பட்டால் கூடுகிறதா. காயமோ ஊசியோ அறுவை சிகிச்சையோ எந்தத் தேதியில் நடந்தது, எரிச்சல் எப்போது தொடங்கியது என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.