வாயை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை வள்ளுவர்

இந்த மாதமும் அதே கதை. வேலையை விட்டுப் போகிறவரிடம் மனிதவளத் துறை கடைசி நாளில் அரை மணி நேரம் பேசுமே, நம் ஊர் அலுவலகங்களில் உண்மை வெளியே வருவது அந்த அரை மணி நேரத்தில்தான். அதுவரை எல்லோரும் 'ஒண்ணும் பிரச்சினை இல்லை மேடம்'தான்.

கோவைப் பக்கம் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனம். உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் ஒரு பையன். ஃபவுண்டரியிலிருந்து வந்த கேஸ்டிங் (வார்ப்பு) ஒரு லாட் முழுக்கப் புளோஹோல், அதாவது காற்றுக் குமிழி ஓட்டை என்று தரப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி வார்த்து, மெஷினிங் முடிந்து வர மூன்று வாரமாவது ஆகும் என்று இவனுக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் வாராந்திரக் கூட்டத்தில் காட்டும் எக்செல் ஷீட்டில் அந்த ஆர்டருக்கு நேரே கட்டம் பச்சையாகவே இருந்தது. அடுத்த வாரமும் பச்சை. சரக்கு கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது வாடிக்கையாளரே போன் போட்டுக் கேட்டார். அப்புறம்தான் சிவப்பு.

"ஏன் தம்பி முன்னாடியே சொல்லல?" என்று அவனுடைய கடைசி நாளில் கேட்டேன்.

"சாருக்குக் கெட்ட செய்தி பிடிக்காது மேடம். ஒரு தடவை ஸ்டோர்ஸ் அண்ணன் சொல்லப் போய், எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுத் திட்டினார். வாயைக் கொடுத்து மாட்டிக்காதன்னு வீட்லயும் சொன்னாங்க. வள்ளுவரே நாகாக்கன்னுதானே சொல்லியிருக்கார்?"

'யாகாவா ராயினும் நாகாக்க.' கூட்டம் நடக்கும் அந்த அறையின் சுவரிலும் அதே குறளைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். இந்தக் குறளை எத்தனை அலுவலகங்களில், எத்தனை பயிற்சி வகுப்புகளில், 'மேலே இருப்பவரிடம் வாயைத் திறக்காதே' என்ற பொருளில் கேட்டுவிட்டேன்! புத்தகத்தைத் திறந்து பாருங்கள். இது 127ஆவது குறள், அடக்கமுடைமை அதிகாரம். அடுத்த குறள், ஒரே ஒரு தீச்சொல்லால் துன்பம் விளைந்தாலும் மற்ற நன்மையெல்லாம் கெட்டுப்போகும் என்கிறது. அதற்கும் அடுத்தது நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தது: 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு.' மூன்றும் வரிசையாக நிற்கின்றன. பேச்சு அடுத்தவரைச் சுட்டுவிடக் கூடாது என்பதுதான் விஷயம். கேஸ்டிங் வரவில்லை என்று சொன்னால் யாருக்கும் வடு விழாது. ஸ்டோர்ஸ்காரரைப் பத்துப் பேர் முன்னால் நிற்க வைத்துத் திட்டினால் விழும். அந்தச் சுவரில் இருக்கும் குறள் அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கும் மேலாளருக்குத்தான் முதலில் பொருந்தும்.

வேலை செய்கிறவருக்கு வள்ளுவர் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டுமானால் பொருட்பாலுக்குப் போக வேண்டும். 64 முதல் 73 வரை பத்து அதிகாரங்கள், அரசனுக்குக் கீழே பொறுப்பில் இருப்பவர்களுக்கு. அதில் கடைசி அதிகாரத்தின் பெயரே அவையஞ்சாமை. சபையைப் பார்த்துப் பயப்படாதே என்று பத்துக் குறள் எழுதியவரை, கூட்டத்தில் வாய்மூடி இருக்கச் சொன்னவராக மாற்றிவிட்டோம். அந்த அதிகாரத்தின் முடிவில் அவர் திட்டுவதைக் கேளுங்கள்: 'உளரெனினும் இல்லாரொடு ஒப்பர் களன்அஞ்சிக் கற்ற செலச்சொல்லா தார்.' சபைக்குப் பயந்து, தெரிந்ததைக் கேட்பவர் மனதில் பதியச் சொல்லாதவர் உயிரோடு இருந்தும் இல்லாதவர்தான் என்கிறார். இதைவிடக் கடுமையாக எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் நான் எழுதியதில்லை.

638ஆவது குறளில் இன்னும் நேராகவே இருக்கிறது. 'அறிகொன்று அறியான் எனினும் உறுதி உழையிருந்தான் கூறல் கடன்.' எடுத்துச் சொல்பவரின் அறிவை அழித்து, தானாகவும் அறியாத அரசனாக இருந்தாலும், நல்லதைச் சொல்வது பக்கத்தில் இருப்பவனின் கடமை. கடமை என்கிறார், கவனிக்கவும். சாருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்ற பேச்சே அங்கே இல்லை.

அதற்காகப் படாரென்று கதவைத் திறந்து போய்க் கொட்டிவிட்டு வராதீர்கள். எப்படிச் சொல்வது என்பதற்கும் 696 இருக்கிறது: குறிப்பறிந்து, காலம் பார்த்து, வெறுப்பு வராதபடி, கேட்க விரும்பும் விதத்தில் சொல். என் தொழில் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான். கூட்டத்துக்கு முன்னாலேயே தனியாகப் போய்ச் சொல்லுங்கள். என்ன நடந்தது, எத்தனை நாள் தள்ளும், உங்களுக்கு என்ன உதவி வேண்டும், மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். அன்றைக்கே அதை மெயிலில் நாலு வரி எழுதிவிடுங்கள். யார் தவறு என்பதை அவர் கேட்டால் மட்டும் பேசலாம். சிவப்பாக வேண்டிய கட்டத்தைப் பச்சையாகவே விடுவது பொய், தம்பி. அதற்கு மரியாதை என்று பெயர் வைக்காதீர்கள்.

இன்னொன்று. மேலதிகாரி இல்லாத வாட்ஸாப் குழுவில் அவரைக் கிழித்துத் தொங்கவிடுவதை நேர்மை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரியவர் இருக்கும் சபையில் காதோடு பேசிச் சிரிப்பதையே 694 வேண்டாம் என்கிறது. கல்லூரி சீனியர்தானே, பழைய பழக்கம்தானே என்று உரிமை எடுத்துக்கொண்டு முறையற்றதைச் செய்கிறவர்கள் 700ஐப் படித்துக்கொள்ளுங்கள். 'கேடு தரும்' என்று முடியும்.

மேலாளர்களே, உங்களுக்கு 389. 'செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன் கவிகைக்கீழ்த் தங்கும் உலகு.' காது கசக்கும் சொல்லையும் தாங்கிக்கொள்கிறவன் குடையின் கீழ்தான் உலகம் தங்கும். (மேலாளரை மன்னர் என்று சொல்லிக் கொடுக்கும் பயிற்சியாளர்கள் இந்தக் குறளை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.) கெட்ட செய்தி கேட்டதும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் "யார் பண்ணது?" என்பதாக இருந்தால், அடுத்த செய்தி உங்களிடம் வராது. நேராக வாடிக்கையாளரிடமிருந்துதான் வரும். முதலில் "சரி, இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்டுப் பழகுங்கள். காரணத்தை அப்புறம் நிதானமாகத் தோண்டலாம்.

கடைசியாக, பெண் ஊழியர்களுக்கு. 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்றும், அகழ்வாரைத் தாங்கும் நிலம் போல இரு என்றும் பாலியல் தொந்தரவுக்கு யாராவது அறிவுரை சொன்னால் காது கொடுக்காதீர்கள். பொறை அவரவர் விரும்பி ஏற்கும் அறம். அதை அடுத்தவர் தலையில் கட்ட யாருக்கும் உரிமை இல்லை. இதற்கென்றே 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவதும் அந்தக் குழுவின் பொறுப்பே. பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். குழு அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். நாளைக்கு வேலைக்குப் போனதும் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மனிதவளத் துறைக்கு மெயில் போட்டுக் கேளுங்கள்.