டேபிள் சா வாங்கும்போது முதலில் ஃபென்ஸைப் பாருங்கள்

வீட்டில் மரவேலைப் பட்டறை போடுகிறவர்கள் டேபிள் சா (மேசையின் நடுவே பிளேடு எழும்பி நிற்கும் மரம் அறுக்கும் இயந்திரம்) வாங்கப் போனால் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்? எத்தனை எச்.பி.?" என்றுதான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பதும் அதுவே. ஆனால் வாங்கிய சில மாதங்களில் எழும் புகார்கள் வேறு மாதிரியானவை. பலகையின் ஓரம் கருகுகிறது. ஒரு முனையில் சரியாக வரும் அகலம் மறுமுனையில் அரை நூல் குறைகிறது. பாதி அறுக்கும்போது பலகை இறுகிக்கொண்டு ஆளை நோக்கித் துள்ளுகிறது. எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் இவை தீருவதில்லை. பிளேடும், பலகையை ஒட்டித் தள்ள மேசைமேல் வழிகாட்டியாக நிற்கும் ஃபென்ஸ் என்ற சட்டமும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காத இயந்திரத்தில் இவை வந்தே தீரும். வேலையைக் கெடுக்கும் குறையும் விரலைப் பறிக்கும் குறையும் இங்கே பெரும்பாலும் ஒன்றேதான்.

காரணம் எளிது. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழன்றால் பல்லின் நுனி மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்குவதால் மரத்தை மேசையோடு அழுத்திக்கொண்டே அறுக்கும். பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. ஃபென்ஸின் பின்முனை பிளேடின் பக்கம் சற்றே சாய்ந்திருந்தாலும் அறுபட்ட பலகை அந்தப் பின்பற்களோடு உரசும். லேசாக உரசினால் கருகும். இன்னும் கொஞ்சம் நெருங்கினால் பற்கள் பலகையைக் கவ்வித் தூக்கி, நிற்பவரின் வயிற்றை நோக்கி எறிந்துவிடும். கிக்பேக் என்பது இதுதான். பலகை எறியப்படும் அந்த நொடியில், அதை அழுத்திக்கொண்டிருந்த கை பிடிமானம் இழந்து பிளேடின் மேல் விழுவதுதான் இதில் மிகக் கொடியது. ஃபென்ஸ் நேராக இருந்தும் இது நடக்கலாம்: சரியாக உலராத மரமும் உள்ளிறுக்கம் உள்ள மரமும் அறுக்க அறுக்க வாய் மூடிக்கொண்டு பிளேடைப் பிடிக்கும்.

இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் என்ற வளைந்த தகடு நிற்கிறது. அறுத்த வாயை மூடவிடாமலும், பலகையைப் பின்பற்களிடம் போகவிடாமலும் அது காக்கிறது. பழைய இயந்திரங்களில் இதற்குப் பதிலாக ஸ்ப்ளிட்டர் என்ற அசையாத தகடு இருக்கும். பள்ளம் அறுக்க வேண்டுமானால் அதைக் கழற்றியாக வேண்டும். கழற்றியவர்கள் திரும்ப மாட்டுவது அரிது. ரைவிங் நைஃப் பிளேடோடு சேர்ந்தே ஏறும், இறங்கும், சாயும். பிளேடின் உச்சிக்குக் கீழேயே நிற்கும்படி அதை வைத்தால் பள்ளம் அறுக்கும்போதும் கழற்ற வேண்டியதில்லை. பிளேடுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி 3 முதல் 8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதன் தடிமன் பிளேடின் உடல் தகட்டைவிட அதிகமாகவும், பல் வெட்டும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருப்பது அவசியம். உதாரணமாக, பல் 2.8 மி.மீ. அகலம் வெட்டி, உடல் தகடு 1.8 மி.மீ. இருந்தால், 2.2 முதல் 2.5 மி.மீ. வரையிலான தகடு பொருந்தும். பெரும்பாலும் இந்த அளவு தகட்டின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மெல்லிய பிளேடு மாட்டிவிட்டுப் பழைய தடித்த தகட்டை அப்படியே விட்டால் பலகை பாதியில் முட்டி நிற்கும். எரிச்சலில் தகட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள். பிளேடையும் இதையும் ஜோடியாகவே பாருங்கள். ரைவிங் நைஃப் இல்லாத இயந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

இதே காரணத்துக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்பிள் கட்டரையோ ஆங்கிள் கிரைண்டரையோ பிளைவுட்டுக்கு அடியில் தலைகீழாகத் திருகி, சுவிட்சை டேப் போட்டு அழுத்திவைத்து, "வீட்டிலேயே டேபிள் சா" என்று செய்து காட்டும் காணொளிகள் நிறையச் சுற்றுகின்றன. அதில் ரைவிங் நைஃப் இல்லை, மூடி இல்லை, அவசரத்தில் நிறுத்த வழியில்லை. மேசைக்குக் கீழே கையை விட்டு டேப்பைப் பிய்த்தால்தான் நிற்கும். மரம் வெட்டும் பல் பிளேடை ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுவது அதைவிட மோசம்; அந்தக் கருவியின் வேகம் பிளேடில் அச்சிட்டுள்ள உச்ச வேகத்தைத் தாண்டிவிடக்கூடும். பணம் போதவில்லை என்றால், பலகையைத் தரையில் கிடத்தி, நேர்ச்சட்டம் ஒன்றை கிளாம்ப் போட்டு இறுக்கி, கைச் சர்குலர் சாவால் அறுப்பது எவ்வளவோ மேல்.

எந்த வகை

எடுத்துச் செல்லும் சிறிய வகையில் பிளேடு மோட்டாரோடு நேரடியாகவோ பல்சக்கரம் வழியாகவோ இணைந்திருக்கும். 1,500 முதல் 1,800 வாட்ஸ், கார்பன் பிரஷ் மோட்டார், காதடைக்கும் சத்தம். எடை 25 முதல் 30 கிலோ. அடுத்தது பெல்ட்டில் ஓடும் ஒன்றரை, இரண்டு எச்.பி. இண்டக்ஷன் மோட்டார் வகை. மூன்றாவது, 3 எச்.பி.யும் அதற்கு மேலும் உள்ள கேபினெட் சா. 200 கிலோவைத் தாண்டும், வைத்த இடத்திலிருந்து நகராது.

இண்டக்ஷன் மோட்டார் சத்தம் குறைவு, ஆயுள் அதிகம். கனத்த வார்ப்பிரும்பு மேசை அதிர்வை விழுங்கிவிடும். கனமான பலகையைத் தள்ளினாலும் அசையாது. இடமும் மின்இணைப்பும் இருந்தால் நடுவகைதான் வீட்டுப் பட்டறைக்குப் பொருத்தம். ஆனால் இடம் குறைவு, தினமும் எடுத்து ஓரமாக வைக்க வேண்டும் என்றால் நல்ல சிறிய சா வாங்குவதில் எந்தக் குறையுமில்லை. தளர்ந்த ஃபென்ஸோடு வரும் மலிவான பெரிய சாவைவிட, முன்னும் பின்னும் பல்சட்டத்தில் ஓடும் ஃபென்ஸ் கொண்ட சிறிய சா மேலானது. அதில் குமிழைத் திருகினால் ஃபென்ஸின் இரு முனைகளும் ஒன்றாக நகரும், இணை கலையாது.

எச்.பி. எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். சிலர் ஓரிரு நொடி மட்டுமே தாங்கும் உச்ச சக்தியைப் போட்டுவிடுகிறார்கள். மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியரைப் பாருங்கள். 230 வோல்ட்டில் உண்மையான 3 எச்.பி. மோட்டார் 12 முதல் 14 ஆம்பியர் எடுக்கும். 7 ஆம்பியர் என்று இருந்தால் அது ஒன்றரை எச்.பி.தான். மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். அதைப் பார்த்துவிட்டு மோட்டாரே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கடையில் சோதிப்பது

கூடவே ஒரு காம்பினேஷன் ஸ்கொயர் (கட்டையில் ஸ்கேல் நகரும் மூலைமட்டம்), நீளமான ஸ்டீல் ஸ்கேல், ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு மார்க்கர் கொண்டுபோங்கள். கால் மணி நேரம் போதும். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஏற்றும் கைப்பிடி இறுகியோ, பாதி சுற்று வெறுமனே சுழன்றோ வந்தால் உள்ளே பல்சக்கரம் ஒழுங்காக இல்லை. பிறகு ஒரே ஒரு பல்லில் மார்க்கரால் அடையாளம் வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் மேசை மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, ஸ்கொயரின் கட்டையை மைட்டர் பள்ளத்தின் (மேசையில் பிளேடுக்கு இணையாக ஓடும் பள்ளம்) ஓரத்தில் ஒட்டி, ஸ்கேல் முனை பல்லைத் தொடும்வரை நீட்டி இறுக்குங்கள். பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து, ஸ்கொயரையும் பின்னால் நகர்த்தித் தொட்டுப் பாருங்கள். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. கால் மில்லிமீட்டர் இருந்தால் சரிசெய்தாக வேண்டும். வேறு பல்லில் அளந்தால் பிளேடின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால்தான் ஒரே பல். வித்தியாசம் இருந்தால் கடைக்காரரிடம் "இதைச் சரிசெய்யும் போல்ட் எங்கே?" என்று கேளுங்கள். கேபினெட் சாவில் மேசையின் போல்ட்டுகளைத் தளர்த்தி மேசையையே தட்டி நகர்த்தலாம். மற்றவற்றில் மேசைக்கு அடியில் தொங்கும் தாங்கியைத் தளர்த்த வேண்டும்; கஷ்டம், ஆனால் முடியும். மலிவானவை சிலவற்றில் சரிசெய்ய வழியே இருக்காது.

அடுத்து ஃபென்ஸ். மைட்டர் பள்ளத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்து பூட்டி, முன்னும் பின்னும் விரலால் தடவுங்கள். பின்முனை 0.1 மி.மீ.வரை விலகி நிற்கலாம். பிளேடின் பக்கம் ஒருபோதும் சாயக்கூடாது. ஃபென்ஸை நகர்த்தி, திரும்பக் கொண்டுவந்து, ஐந்தாறு முறை பூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிற்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரே அளவு தவறு என்றால் திருகித் திருத்திவிடலாம். ஒவ்வொரு முறையும் வேறுவேறாக நின்றால் திருத்தவே முடியாது. பூட்டிய பின் பின்முனையைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால் அந்த இயந்திரம் வேண்டாம்.

மேசையின் மேல் ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்து, நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் பாருங்கள். பிளேடைச் சுற்றியுள்ள பகுதியில் 0.1 மி.மீ. ஃபீலர் நுழையக்கூடாது. ஓரச் சிறகுகளில் கால் மி.மீ. பள்ளம் இருந்தால் பெரிதாகப் பாதிக்காது. மைட்டர் பள்ளம் 19 மி.மீ. அகலம், 9.5 மி.மீ. ஆழம் என்ற வழக்கமான அளவில் இருந்தால் கடையில் கிடைக்கும் ஜிக்குகள் (பலகையைப் பிடித்து வழிநடத்தும் துணைச்சாதனங்கள்) எல்லாம் பொருந்தும். விசித்திரமான அளவில் இருந்தால் ஒவ்வொன்றையும் நீங்களே செய்ய வேண்டிவரும்.

பிளேடைச் சுற்றிய த்ரோட் பிளேட் மேசையோடு சமமாக உட்கார வேண்டும். மெல்லிய தகடாக வந்து விரல் பட்டால் அமுங்கினால், சிறு துண்டுகள் பிளேடு ஓரம் இறங்கிச் சிக்கும்.

சுவிட்ச் இரண்டு விஷயத்தில் தேற வேண்டும். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்கக்கூடாது. நிறுத்தும் பொத்தான் பெரிதாக, முழங்காலால் தட்டினாலே அணையும்படி இருக்க வேண்டும். ஏனெனில் ஆபத்தான நேரத்தில் இரு கைகளும் பலகையில்தான் இருக்கும்.

அளவு, இடம், தூசி

10 அங்குல பிளேடு நேராக 79 மி.மீ. அளவிலும், 45 டிகிரியில் சுமார் 55 மி.மீ. அளவிலும் அறுக்கும், வீட்டு வேலைக்கு இது தாராளம். ஃபென்ஸ் 610 மி.மீ. வரை விலகினால் எட்டுக்கு நான்கு பிளைவுட்டைச் சரிபாதியாக அறுக்கலாம். அதற்கு மேல் தேவைப்படுவது அரிது. மறக்கப்படுவது இயந்திரத்தைச் சுற்றிய இடம்: 8 அடி ஷீட் போட முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி வேண்டும். பின்பக்கத் தாங்குமேசை சாவின் மேசையைவிட ஒரு நூல் தாழ்ந்திருந்தால் பலகை முட்டாது.

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. எனவே தூசிக் குழாய் வாய் இல்லாத இயந்திரத்தை ஒதுக்குங்கள். பெரிய சாவுக்கு 100 மி.மீ. வாய் வேண்டும். சிறியதற்கு வாக்குவம் குழாய் போதும், ஆனால் முகமூடியும் கட்டாயம்.

இயந்திரத்தோடு வரும் பிளேடு பெரும்பாலும் சுமார்தான். அதற்கும் பணம் ஒதுக்குங்கள். நெடுக்கு அறுப்புக்கு 24 பல், குறுக்குக்கும் பிளைவுட்டுக்கும் 60 முதல் 80 பல், ஒரே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 40 பல். 80 பல் பிளேடில் தடித்த மரத்தை நெடுக்கே அறுத்தால் பற்களிடையே தூள் வெளியேற இடமில்லாமல் மரம் கருகும். சிறிய மோட்டாருக்கு 2.4 மி.மீ. வெட்டும் மெல்லிய பிளேடு சுமையைக் குறைத்து உதவும்.

தோல் பட்டவுடன் பிளேடை நிறுத்தும் நுட்பம் உள்ள சாக்களும் இருக்கின்றன. சாஸ்டாப் நிறுவனம் 2004 முதல் விற்கிறது. அலுமினியக் கட்டை ஒன்று பற்களில் பாய்ந்து சுமார் 5 மில்லி நொடியில் நிறுத்திவிடும். அதன்பின் அந்தக் கட்டையும் பெரும்பாலும் பிளேடும் புதிதாக வாங்க வேண்டும். ஈர மரமும் ஆணியும்கூட அதைத் தூண்டிவிடலாம். வாங்க முடிந்தவர்கள் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் அது கிக்பேக்கைத் தடுக்காது. ரைவிங் நைஃப், மூடி, தள்ளுகட்டை எல்லாம் அதற்கும் வேண்டும்.

பழைய சா பார்க்கிறவர்கள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பிளேடு மாட்டும் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது, அதை மாற்றலாம். மேசைக்கு அடியில் வார்ப்பிரும்புத் தாங்கியில் விரிசல் இருந்தால் மட்டும் திரும்பிவிடுங்கள், அதற்கு மருந்தில்லை. மேல்துரு தேய்த்தால் போகும். தேய்த்தபின் சிலிக்கோன் கலக்காத மெழுகு பூசுங்கள். சிலிக்கோன் மரத்தில் ஒட்டினால் பின்னால் அடிக்கும் பாலிஷ் குழிகுழியாகப் பிளக்கும்.

கடையில் எல்லாம் சரியாக இருந்த இயந்திரம் வண்டியில் குலுங்கி வந்ததில் நிலை மாறியிருக்கும். வீட்டில் இறக்கி மட்டம் பார்த்து நிறுத்தியதும், முதல் பலகையை எடுப்பதற்கு முன், அடையாளம் வைத்த அந்தப் பல்லிலிருந்து எல்லா அளவுகளையும் மறுபடி எடுங்கள். இந்த முறை பிளேடை 45 டிகிரி சாய்த்தும் ஒருமுறை.