ஆக்சஸ் பாயின்ட்: ஒரு பெட்டி, மூன்று ஆக்சஸ்

கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தட்டு மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி, ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு. அதுதான் ஆக்சஸ் பாயின்ட். ஒரு பக்கம் கம்பி வழியே வலையமைப்போடு இணைந்திருக்கும். மறுபக்கம் போன், மடிக்கணினி எல்லாவற்றோடும் ரேடியோ அலையில் பேசும். ரவுட்டரும் இதுவும் ஒன்றல்ல. வலைகளுக்கு இடையே வழி காட்டுவது ரவுட்டர். கம்பியில் வருவதை அலைக்கு மாற்றுவது இது. வீட்டில் வைக்கும் ரவுட்டருக்குள் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருப்பதால் பெயர்கள் குழம்பிவிட்டன.

தமிழில் இதைப் பலரும் ‘அணுகல் புள்ளி’ என்கிறார்கள். சரி, புள்ளியை முதலில் முடித்துவிடுவோம். பாயின்ட் என்பதன் வேர் லத்தீன் ‘புங்க்டும்’, குத்திய தடம். ஆங்கிலத்தில் அது இடத்தையும் குறிக்கும் அளவுக்கு விரிந்துவிட்டது. தமிழில் புள்ளி அப்படி விரியவில்லை. எழுத்தின் மேல் வைப்பது, கோலத்தில் வைப்பது, அப்புறம் ஊருக்கு ஊர் இருக்கும் பெரும்புள்ளி. ‘முனை’ இங்கே இன்னும் நன்றாக உட்காரும். அணுகுமுனை என்றால் ஒரு தொடர்பின் ஓரம் என்பது சொல்லாமலே தெரிகிறது. ‘வாயில்’ என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒரு வலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியான கேட்வேக்கு நுழைவாயில் என்று ஏற்கெனவே வைத்துவிட்டோம்.

இனி ஆக்சஸ். லத்தீன் ‘அக்கெடெரே’ என்பதன் பொருள் ‘பக்கத்தில் போதல்’. நம் ‘அணுகு’ அதற்கு நேர் இணை. ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்ற குறளில் (691) வருவதும் இதே அணுகுதான்: நெருப்பை விட்டு விலகியும் போகாமல், ஒரேயடியாக நெருங்கியும் விடாமல் குளிர்காய்வது.

கவனியுங்கள், அணுகுவது வேறு, நுழைவது வேறு. ஆங்கில ஆக்சஸ் காலப்போக்கில் இரண்டையும் விழுங்கிவிட்டது. தமிழ் விழுங்கவில்லை. அலை சுவரைத் தாண்டிப் போகும் என்பதால் பக்கத்தில் இருக்கும் யாரும் இந்தப் பெட்டியை அணுகலாம், அதைத் தடுக்க முடியாது. உள்ளே விடுவதா வேண்டாமா என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

வைஃபைக்குப் போடும் பூட்டின் பெயர் டபிள்யூபிஏ (WPA), விரித்தால் ‘வைஃபை ப்ரொடெக்டட் ஆக்சஸ்’. அதன் கடைசி ஏ, ஆக்சஸ்தான். இங்கே அதன் பொருள் நுழைவு. வைஃபைக்கான தரநிலையின் பெயர் 802.11. 1997-இல் வந்த அதன் முதல் பதிப்பில் இருந்த பூட்டின் பெயர் வெப் (WEP). விரித்தால் ‘கம்பிக்கு நிகரான அந்தரங்கம்’. பெயருக்குத் தகுதி இல்லை என்பது 2001-க்குள் அம்பலமாகிவிட்டது. 2003-இல் டபிள்யூபிஏ, 2004-இல் டபிள்யூபிஏ2, 2018-இல் டபிள்யூபிஏ3. உங்கள் பெட்டியின் அமைப்பில் வெப் இன்னும் ஒரு தேர்வாகத் தெரிந்தால் அதைத் தொடவே வேண்டாம். இந்தப் பூட்டுக்கு ‘மறையாக்கம்’ என்ற சொல்லையே நான் எழுதுகிறேன். குறியாக்கம் என்றால், ரகசியம் எதுவும் இல்லாமல் வடிவத்தை மட்டும் மாற்றும் என்கோடிங்கோடு குழம்பும்.

வலையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண் மேக் முகவரி. மேக் (MAC) என்பது ‘மீடியா ஆக்சஸ் கன்ட்ரோல்’. அதன் நடு எழுத்தும் ஆக்சஸ்தான், ஆனால் இது மூன்றாவது பொருள். எல்லோருக்கும் பொதுவான ஊடகம் ஒன்று இருக்கும்போது யார் எப்போது பேசுவது என்ற முறை. ‘ஊடக அணுகல் கட்டுப்பாடு’ என்று எழுதினால் யாரையோ தடுப்பது போலத் தோன்றும். ‘முறைவைப்பு’ என்பதே கருத்து. இந்தப் பெயரை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். ஒருமுறை உட்கார்ந்து எல்லாக் கருவிகளின் மேக் முகவரியையும் பன்னிரண்டு பன்னிரண்டு எழுத்தாகத் தட்டி, பட்டியலில் இருப்பவை மட்டும் இணையலாம் என்று வைத்தேன். கொஞ்ச நாளில் என் போனே வெளியே நின்றது. இப்போதைய போன்கள் உண்மை முகவரியை மறைத்து, தாமாக ஒன்றைப் புனைந்து காட்டும். வேண்டாதவர் இன்னும் எளிதாக, பட்டியலில் உள்ள ஒரு முகவரியை அப்படியே போட்டுக்கொள்ளலாம். வலைப்பெயரை மறைத்து வைப்பதும் இதே கதைதான். உங்கள் போன் இணையும்போது அந்தப் பெயரைத் தானே அலையில் சொல்லிவிடும்.

‘மேனேஜ்மென்ட்’ என்ற சொல்லுக்கும் இதே பெட்டியில் இரண்டு வேலை. ஒன்று, நாம் உலாவியில் திறக்கும் நிர்வாகப் பக்கம். அதன் கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. பலர் இரண்டாவதை மாற்றிவிட்டு முதலாவதைப் பெட்டி வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். மற்றொன்று, பெட்டியும் போனும் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் ‘இணைகிறேன்’, ‘துண்டிக்கிறேன்’ போன்ற செய்திகள். வெகுகாலம் இவற்றுக்குக் காப்பே இல்லை. பெட்டி சொன்னது போலப் பொய்யாய் ஒரு ‘துண்டிக்கிறேன்’ அனுப்பி யாரையும் வெளியே தள்ள முடிந்தது. 2009-இல் 802.11டபிள்யூ என்ற கூடுதல் தரநிலை இதற்கு வழி செய்தது. டபிள்யூபிஏ3 அதைக் கட்டாயமாக்கியது. முதலாவதை நிர்வாகம் என்றும், இரண்டாவதை மேலாண்மைச் செய்தி என்றும் பிரித்து எழுதினால் தொல்லை இல்லை.

கெஸ்ட் நெட்வொர்க்குக்கு மட்டும் நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அதில் இணைபவருக்கு இணையம் கிடைக்கும், உள்ளே இருக்கும் கணினியோ அச்சுப்பொறியோ கண்ணில் படாது. விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் ‘புதுமை’. விருந்தினர் என்றால் புதிதாய் வந்தவர். விருந்தினர் வலை என்று அப்படியே எழுதிவிடலாம்.