லாரி மோதி அடிபட்டால்: நஷ்டஈடு கேட்பது எங்கே, எப்படி, யார் மூலம்?

ஆஸ்பத்திரியில் சேர்த்த உடனே 'ஏ.ஆர்.' எழுதுவார்கள். விபத்துப் பதிவேடு. அதில் ஒரு வரி வரும்: இன்ன நாள், இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், பைக்கில் போகும்போது லாரி மோதியதாகச் சொல்கிறார் என்று. பரபரப்பில் யாரோ ஒருவர் 'வண்டியிலிருந்து விழுந்துட்டார்' என்று சொல்லி அதுவே பதிவாகிவிட்டால், பின்னாளில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் வாசிப்பது அந்த வரியைத்தான். லாரி மோதவே இல்லை, இவராகவே விழுந்தார் என்று வாதம் போகும். அதனால் கூட இருப்பவர்களின் முதல் சட்ட வேலை வக்கீலைத் தேடுவது அல்ல. டூட்டி டாக்டரிடம் லாரி மோதியது என்று தெளிவாகச் சொல்வது. நம்பர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

சிகிச்சைச் செலவுக்கு அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் 1 லட்சம் ரூபாய் வரம்போடு தொடங்கி, பிறகு 2 லட்சமாக உயர்ந்தது. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் வந்தது: விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. இரண்டிலும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இவை சிகிச்சைக்கு மட்டுமே. காலை இழந்ததற்கும் பிழைப்புப் போனதற்கும் ஈடு கேட்க வழி வேறு.

அந்த வழி மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 166-ஆவது பிரிவு. மனுவை விசாரிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். வக்கீல் ஆபீஸ்களில் 'எம்.சி.ஓ.பி. கேஸ்' என்பார்கள். டிரைவர் மேல் போலீஸ் போடும் கிரிமினல் வழக்கு தனி, இது தனி. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தாலே போதும்.

லாரி விவகாரத்தில் பலரும் மலைப்பது தூரத்தை நினைத்துத்தான். வண்டிக்கு நாகாலாந்து நம்பர், ஓனர் நாமக்கல், விபத்து நடந்தது கிருஷ்ணகிரி, அடிபட்டவர் திருநெல்வேலி. எங்கே போய் அலைவது? எங்கேயும் போக வேண்டாம். விபத்து நடந்த இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், அடிபட்டவர் குடியிருக்கும் இடம், இதில் எந்த எல்லையிலும் மனுப் போடலாம். திருநெல்வேலியிலேயே போடலாம்.

ஆனால் கெடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்தக் கெடு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பிளேட் வைத்து, திரும்ப ஆபரேஷன் செய்து, நடக்கப் பழகுவதற்குள் 6 மாதம் ஓடிவிடும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: போலீஸுக்கும் இதில் வேலை இருக்கிறது. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் அவர்கள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் நஷ்டஈட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கும்போதே, இந்த அறிக்கை போயிற்றா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

எதிர்த்தரப்பாக வருவது லாரி ஓனர், டிரைவர், இன்சூரன்ஸ் கம்பெனி. பணம் வருவது பெரும்பாலும் கம்பெனியிடமிருந்துதான், ஆகவே எதிர்ப்பும் அங்கிருந்துதான் வரும். டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) முடிந்துவிட்டது என்பார்கள். இது பெரும்பாலும் கம்பெனிக்கும் ஓனருக்கும் உள்ள சண்டை. அடிபட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடு, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவு போடுவது வழக்கம். சின்ன லோடு வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது: 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

நிற்கிற லாரியில் போய் மோதியிருந்தால்? 'பின்னால் போய் இடித்தவன் மேல்தான் தப்பு' என்று ஊரே சொல்லும், அடிபட்டவரும் கேஸே இல்லை என்று விட்டுவிடுவார். ராத்திரியில் விளக்கில்லாமல், பார்க்கிங் சிக்னல் போடாமல் நடுரோட்டில் நிறுத்தியது நிரூபணமானால் கதையே வேறு. அப்படி நின்ற ஓர் எரிவாயு டேங்கரில் கார் மோதிய வழக்கில், கார்க்காரர் மேல் தவறில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுநாள் காலைக்குள் லாரியை நகர்த்திவிடுவார்கள். அதனால் அது நிற்கும் நிலையிலேயே, பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதா இல்லையா என்று தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அதற்குப் பின்னால் எத்தனை வாய்ச்சாட்சி வந்தாலும் ஈடாகாது.

லாரிக்குள் இருந்தவர்கள் கதை இன்னும் சிக்கல். சரக்கின் சொந்தக்காரர் சரக்கோடு வந்தால் பாலிசி அவருக்குப் பொருந்தும். கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ லோடு வண்டியில் ஏறிப் போனவர்களுக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்பது 2002 டிசம்பர் முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஓனரிடம்தான் கேட்க முடியும். டிரைவர், கிளீனர் போன்ற வேலையாட்கள் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் (முன்பு 1923-ஆம் ஆண்டுச் சட்டம், 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு) கேட்கலாம். அதுவா, மோட்டார் வாகனச் சட்டமா, இரண்டில் ஒன்றுதான், இரண்டும் கிடையாது.

லாரி நிற்காமல் போய், நம்பரும் தெரியாவிட்டால், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். 2022-க்கு முன் இது 12,500, 25,000 என்று இருந்தது. மனுவை வருவாய்த் துறையில் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்.

வண்டி தெரிந்தும் யார் தப்பு என்ற பேச்சே வேண்டாம் என்றால் 164-ஆவது பிரிவு: பலத்த காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம். சுலபமாகத் தெரியும், ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் 166 மனு அத்தோடு போயிற்று. நிரந்தர ஊனம் என்றால் அவசரப்படக் கூடாது. ஏன் என்று கணக்கே சொல்லும். 38 வயது, மாதம் 15,000 சம்பாத்தியம். வருடத்துக்கு 1,80,000. வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதுவாரியாக ஒரு பெருக்கெண் உண்டு, அந்த வயதுக்கு அது 15. வேலை செய்யும் திறனில் 40 சதவீதம் போயிற்று என்று வைத்தால் 10,80,000. சுயதொழில்காரர், 40 வயதுக்குக் கீழ் என்பதால் வருங்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 15,12,000. மருத்துவச் செலவு, வலி வேதனை, உதவிக்கு ஆள் வைத்தது எல்லாம் இதற்கு மேல்.

இந்த 40 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கேஸே இருக்கிறது. மெடிக்கல் போர்டு எழுதும் ஊனச் சதவீதமும் பிழைப்பில் ஏற்பட்ட நஷ்டமும் ஒன்றல்ல. இடது கை போனால் ஒரு குமாஸ்தாவின் வேலை தப்பலாம். தச்சருக்கும் டிரைவருக்கும் கிட்டத்தட்ட 100 சதவீதம் போயிற்று என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே என்ன வேலை செய்தார் என்பதற்கு ஒரு தாளாவது வேண்டும். மேஸ்திரியின் சம்பள நோட்டானாலும் சரி, நலவாரிய அட்டையானாலும் சரி.

இனி வக்கீல். வார்டுக்கே தேடி வந்து, 'கேஸை நாங்க பார்த்துக்கறோம், வர்றதுல பங்கு கொடுத்தாப் போதும்' என்று வெற்று வக்காலத்தில் பெருவிரல் ரேகை வாங்கிப் போகும் ஆட்கள் உண்டு. வக்கீல் இப்படி ஆள் விட்டுக் கேஸ் பிடிப்பதும், தீர்ப்புத் தொகையில் சதவீதம் பேசுவதும் பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம். வலியில் கிடப்பவரிடம் வாங்கும் கையெழுத்து, எனக்கு எப்போதுமே உறுத்துகிற விஷயம். நிரப்பாத தாளில் எதுவும் வைக்காதீர்கள். அசல் ஆவணங்களைக் கொடுத்தால் நகல் வைத்துக்கொள்ளுங்கள், மனு நம்பரைக் கேட்டு வாங்குங்கள்.

பணமில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. போன் 15100. அதே ஆணைக்குழுதான் மக்கள் நீதிமன்றமும் நடத்துகிறது. அங்கே கம்பெனியோடு பேசி முடித்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் அப்பீல் கிடையாது. சொல்லும் தொகையை மேலே போட்ட கணக்கோடு வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

தீர்ப்பு வந்தால் தொகை அடிபட்டவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். அதனால் பாஸ்புக் நகலை மனுவோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். தொகை குறைவு என்று பட்டால் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்ய 90 நாள் இருக்கிறது.